10.84 வந்தால் என்ன செய்வது?

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ரீடிங் எடுப்பது என்று ஒன்று உண்டு, ரீடிங் போடுவது என்று ஒன்று உண்டு. எடுக்கக் கருவி வேண்டும். போடக் கால்குலேட்டர் போதும். கடைசியில் வரவேண்டிய விடையைக் கையில் வைத்துக்கொண்டு, சூத்திரத்தைப் பின்னாலிருந்து ஓட்டி, அட்டவணையின் முதல் கட்டத்தில் வந்து இறங்குவது. தமிழ்நாட்டில் அறிவியலோ பொறியியலோ படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சொன்னதும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் கொஞ்ச நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஏனென்றால் அதே ஆட்கள்தான் இன்னொரு நாள் டீக்கடையில், "டிகிரிங்கிறது வெறும் பேப்பர்தாங்க, எல்லாம் யூடியூப்லயே இருக்கு" என்றும் சொல்கிறார்கள். பாதி உண்மை. தகவல் இருக்கிறது. பல கல்லூரிகளின் வகுப்பறையில் கிடைப்பதைவிட நல்ல விரிவுரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் காணொளியாலும் தர முடியாத பொருள் ஒன்று இருக்கிறது: உங்கள் கையால் எடுத்த தப்பான ரீடிங். காணொளியில் ஊசல் ஆடும், புவியீர்ப்பு முடுக்கத்துக்குப் புத்தகம் சொல்லும் 9.8 வரும். வராத அன்று எடுத்ததை எடிட்டிங்கில் வெட்டியிருப்பார்கள். புத்தகம் ஒன்று சொல்லி, கையிலிருக்கும் தாள் வேறொன்று சொல்லும்போது அடுத்த பத்து நிமிடம் என்ன செய்வது என்கிற பழக்கம் இருக்கிறதே, மூன்று நான்கு வருடப் படிப்பு தனி ஆள் ஒருவருக்குத் தரக்கூடியதில் அதைவிட விலை மதிப்புள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை. சுயசிந்தனை என்று பெரிய வார்த்தையில் சொல்வது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தைத்தான். ரீடிங் போட்டவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை வாங்காமலே கட்டணம் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அப்புறம் பேப்பராகத்தான் தெரியும்.

இதைப் பொதுவாகப் பேசினால் மேடைப் பேச்சாகிவிடும். ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்கிறேன்.

ஊசலும் கட்டைவிரலும்

தனி ஊசல். பள்ளியிலேயே செய்துவிடுகிற சோதனை. கல்லூரியில் கூட்டு ஊசல், முறுக்கு ஊசல் என்று வேஷம் மாற்றிக்கொண்டு மறுபடி வரும். ஒரு ஸ்டாண்டு, பிளந்த தக்கை, நூல், இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குண்டு, ஸ்டாப் வாட்ச். தக்கையின் அடி விளிம்பிலிருந்து குண்டின் மையம் வரைக்கும் நீளம். குண்டைத் தொங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும், பருத்தி நூல் எடைக்குக் கொஞ்சம் இழுபடும். தக்கை கிடைக்கவில்லை என்று கம்பியில் நூலைச் சுற்றிக் கட்டினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நூல் சற்றுச் சுற்றிச் சற்று அவிழும். நீளம் என்று ஒன்று நிலையாக இருக்காது. ஐந்து டிகிரிக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒரு மீட்டர் நூலுக்கு அது ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாட்சைத் தட்டுவது குண்டு நடுவைக் கடக்கும்போது. ஓரத்தில் அது தயங்கித் திரும்புகிறது, எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணால் பிடிக்க முடியாது. நடுவில் அதன் வேகம் அதிகம், அதனால் கணம் கூர்மையாக விழும். பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடு ஒன்று இழுத்துக்கொண்டால் போதும்.

போய்த் திரும்புவது ஓர் அலைவு. இருபது அலைவுக்கான நேரத்தை இருபதால் வகுத்தால் அலைவுநேரம். நீளத்தை மீட்டரில் எடுத்து 39.48 ஆல் பெருக்கி (நான்கு பெருக்கல் பையின் வர்க்கம்), அலைவுநேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம். சென்னையில் ஒரு மீட்டர் ஊசல் எல்லாம் சரியாக அமைந்தால் இருபது அலைவுக்கு 40.18 நொடி எடுக்கும். நம் கட்டைவிரலுக்கு அவ்வளவு நேர்த்தி கிடையாது. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் சேர்த்து பத்தில் ஒரு நொடி முன்பின் ஆகும். அலைவுநேரம் வர்க்கமாகி உள்ளே போவதால் அந்தப் பத்தில் ஒரு நொடி விடையில் சுமார் 0.05 ஆக வந்து நிற்கும். ஆக, நேர்மையாக ஒரு தடவை எடுத்தவருக்கு 9.73 வரலாம், 9.83 வரலாம். இரண்டுமே நல்ல ரீடிங்.

போட்டவர்களின் நோட்டை அடையாளம் காண்பது சுலபம். 60, 70, 80, 90, 100 செ.மீ. என்று ஐந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் 9.8 வருகிற மாதிரி நேரத்தைக் கணக்கிட்டு, முதல் தடவைக்குக் கொஞ்சம் கூட்டி, இரண்டாம் தடவைக்கு அதே அளவு கழித்திருப்பார்கள். அலைவுநேர வர்க்கத்தை நீளத்தால் வகுத்த கடைசி நெடுவரிசையில் 4.03, 4.03, 4.03, 4.03, 4.03 என்று அணிவகுப்பு நிற்கும். வரைபடத்தில் ஐந்து புள்ளியும் கோட்டின்மேல் ஆணி அடித்தது போல் உட்கார்ந்திருக்கும். உண்மையாக எடுத்தவரின் நெடுவரிசையில் 4.01, 4.06, 4.02 என்று தள்ளாடும். அடித்தல் இருக்கும். அழகுக்கு மதிப்பெண் போடும் இடத்தில் தோற்பது இந்தத் தள்ளாட்டம்தான்.

அந்தப் பத்து நிமிடம்

இனி விஷயம் கனக்கிற இடம். ஒரு மாணவனுக்கு 10.84 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடக்கும் உரையாடல் இது:

"சார், 10.84 வருது சார்."

"9.8 வரணுமேப்பா. போய் மறுபடி பாரு."

"மறுபடி பாரு" என்பதற்கு ஆய்வக அகராதியில் என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். மேஜைக்குத் திரும்பியதும் பக்கத்தில் இருப்பவன், "மச்சி, 40.1 போடு, சரியா வரும்" என்பான். ரப்பர் எடுத்தாயிற்று. 38.17 என்ற எண் அழிந்து 40.1 ஆகிறது. சோதனை முடிந்தது.

அழித்தது எதை என்று பார்க்க வேண்டும். 10.84 என்பது நம் ஊரின் உண்மையான மதிப்பான 9.78ஐவிடக் கிட்டத்தட்ட 11 சதவீதம் அதிகம். அலைவுநேரம் வர்க்கமாகி, அதுவும் வகுக்கும் இடத்தில் இருப்பதால், விடை 11 சதவீதம் ஏற வேண்டுமானால் நேரம் சுமார் 5 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் இருபதில் ஒன்று. இருபது அலைவில் ஒன்று! வாட்சைத் தட்டும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறான். "பூஜ்யம்" என்று தொடங்கியிருக்க வேண்டும். அவன் இருபது என்று சொன்னபோது ஊசல் ஆடியிருந்தது பத்தொன்பது. தப்பான விடை தன் காரணத்தைத் தானே நெற்றியில் எழுதிக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. அதைப் படிக்க மூன்று வரிக் கணக்கு போதும். அழித்தவனுக்கு 9.8 கிடைத்தது. அது அவனுக்கு முன்பே தெரியும்.

எல்லாத் தப்பும் இவ்வளவு கனிவாக நடந்துகொள்ளாது. 9.65 வருகிறது என்று வையுங்கள். சந்தேகப்பட இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாவது நீளம்: குண்டின் மையம் வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்திருந்தால், குண்டின் ஆரம் ஒன்றேகால் சென்டிமீட்டர் விட்டுப்போகும்; ஒரு மீட்டர் நூலுக்கு விடை 9.66 ஆகும். இரண்டாவது வீச்சு: ஐந்து டிகிரிக்குப் பதில் இருபது டிகிரிக்கு இழுத்து விட்டிருந்தால் அலைவுநேரம் முக்கால் சதவீதம் கூடும், விடை 9.63 ஆகும். கட்டைவிரலின் தடுமாற்றமே 0.05 இருக்கும்போது 9.66ஐயும் 9.63ஐயும் பிரிக்க முடியாது. இரண்டு குற்றவாளிக்கும் ஒரே முகம்.

இங்கேதான் பலரும் இரண்டு வழியில் ஒன்றில் சறுக்குகிறார்கள். ஒன்று, புத்தகத்தின் காலில் விழுவது. மற்றது, "பாத்தீங்களா, புத்தகமே தப்பு" என்று எழுந்து நிற்பது. பின்னதைச் சுயசிந்தனை என்று நினைத்துக்கொள்பவர்கள் இப்போது நிறைய. இரண்டிலும் உழைப்பு இல்லை என்பதில் இரண்டும் ஒன்று. உழைப்புள்ள வழி, இரண்டு சந்தேகமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் ஒரு சூழலைத் தேடுவது. நீளத்தை மாற்றிப் பாருங்கள். குண்டின் ஆரம் விட்டுப்போனதுதான் காரணமென்றால், 50 செ.மீ. நூலில் அந்த ஒன்றேகால் சென்டிமீட்டர் பெரிய பங்கு, விடை 9.54க்கு விழும். 150 செ.மீ. நூலில் சிறிய பங்கு, 9.70க்கு ஏறும். வீச்சுதான் காரணமென்றால், அதே இருபது டிகிரிக்கு இழுக்கிறவரை எந்த நீளத்திலும் 9.63தான், அசையாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது விதி. நூலையும் மாற்றி வீச்சையும் மாற்றிவிட்டு விடை சரியாகிவிட்டது என்றால், எது சரிசெய்தது என்று தெரியாமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதற்கு மேலும் ஒரு நயம் இருக்கிறது. நீளத்துக்கு எதிராக அலைவுநேர வர்க்கத்தை வரைபடமாகப் போட்டால், நூலை மட்டும் அளந்திருந்தாலும் கோட்டின் சாய்வு மாறாது. கோடு மட்டும் ஆதிப்புள்ளியைத் தொடாமல் ஒன்றேகால் சென்டிமீட்டர் தள்ளி நீள அச்சை வெட்டும். சாய்விலிருந்து சரியான முடுக்கமும், வெட்டும் இடத்திலிருந்து குண்டின் ஆரமும் கிடைத்துவிடும். அளக்க மறந்ததை வரைபடம் அளந்து தருகிறது. ரீடிங் போட்டவரின் கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போகும், ஏனென்றால் அப்படித்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

எதைச் சந்தேகிப்பது என்பதுபோலவே எதற்கு அதிகம் பாடுபடுவது என்பதும் இங்கே கற்கிற விஷயம். கம்பியில் தொங்கும் தட்டு முறுகி முறுகித் திரும்புகிற முறுக்கு ஊசலில், கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியை 0.01 மி.மீ. மீச்சிற்றளவுள்ள திருகு அளவியால் அளக்கும்போது ஒரு கோடு தவறினால் 2 சதவீதம். நான்காம் அடுக்கில் 8 சதவீதம். கம்பியின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் போனால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் நோட்டுகளில் நீளத்தை மூன்று தடவை அளந்து சராசரி போட்டிருப்பார்கள், விட்டத்தை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள், திருகு அளவியின் சுழித்திருத்தத்தை (பூஜ்யத்தில் அது காட்டும் பிழைக்கான திருத்தம்) போன வருட ரெக்கார்டிலிருந்து எடுத்திருப்பார்கள். கவனத்தை எல்லா இடத்திலும் சமமாகத் தெளிப்பது சிரத்தை மாதிரி தோன்றும். தேர்வுக்குப் படிக்கிற பழக்கத்தின் மிச்சம் அது.

9.8 யாருடைய எண்?

இதுவரை புத்தகம் சரி, மாணவன் தப்பு என்ற கணக்கில்தான் பேசினேன். புத்தகத்தையும் ஒரு கை பார்க்க வேண்டும். 9.80665 என்பது 1901இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாட்டில் உலகத்துக்கே ஒரு பொது மதிப்பாக வைத்துக்கொண்டது. ஏறத்தாழ 45 டிகிரி அட்சரேகையில் கடல்மட்டத்துக்குப் பொருந்துவது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். சென்னையிலும் சரி, மதுரையிலும் சரி, உண்மையான மதிப்பு 9.78. நம் ஊரில் 9.81 என்று எழுதிய மாணவர் வேறு ஊரின் விடையை எழுதியிருக்கிறார். ஒரு மீட்டர் ஊசலில் 9.78க்கும் 9.81க்கும் இருபது அலைவில் வித்தியாசம் 0.06 நொடி. கட்டைவிரலால் அதைப் பிரிக்கவே முடியாது. நூறு அலைவு எண்ணினால் வித்தியாசம் 0.3 நொடி ஆகும், அப்போது கொஞ்சம் பேசலாம். 20 அலைவை எண்ணிவிட்டு 9.81 என்று இரண்டு தசமத்துக்கு முடிவு எழுதும்போது, கருவிக்குத் தெரியாததை நாம் அதன் வாயில் திணிக்கிறோம்.

இந்த வித்தியாசம் உலகுக்குத் தெரியவந்த கதையும் இதே ஆய்வக மேஜைக் கதைதான். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து, தென்னமெரிக்காவில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலுள்ள கயேனுக்கு வானியல் அவதானிப்புக்காகப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளைக்கு இரண்டரை நிமிடம் தாமதமானது. சரியாக ஓட வைக்க ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. ஊசலின் நீளத்தை நிர்ணயிக்கும் அவதானிப்பை வாராவாரம், பத்து மாதம் அவர் திரும்பத் திரும்பச் செய்ததாக நியூட்டன் குறிப்பிடுகிறார். வெப்ப நாட்டில் ஊசல் தண்டு நீண்டிருக்கும், அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் இரும்புத் தண்டு 20 டிகிரி சூட்டுக்கு நீளுவது கால் மில்லிமீட்டர். தேவைப்படுவது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். அந்தச் சந்தேகம் விழுந்தது. நடுப்பகுதியில் பூமி புடைத்திருக்கிறது, அங்கே ஈர்ப்பு குறைவு என்று 1687இல் நியூட்டன் வாதிட்டபோது ரிஷேயின் தாமதமான கடிகாரம் அவருக்குச் சாட்சி சொன்னது. கயேனில் அமர்ந்துகொண்டு பாரிஸ் நீளத்தையே எழுதி அனுப்பியிருந்தால் அந்தச் சாட்சி இல்லை.

நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1821இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசல் சோதனைகள் செய்தார். முடிவு அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் லண்டனில் 39.14 அங்குலம், மெட்ராஸில் 39.03. அதை இன்றைய கணக்கில் போட்டால் 9.78 வருகிறது. இருநூறு ஆண்டாக நம் ஊர் விடை அச்சில் இருக்கிறது. நம் ஆய்வகங்களில் இன்னும் 9.8க்குத்தான் மதிப்பெண்.

இது இயற்பியலுக்கு மட்டும் உரிய வியாதி என்று தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். நோட்ஸிலிருந்து நோட்ஸுக்குப் போகும் பொழிப்புரையும் போட்ட ரீடிங்தான். எதிர்த்திசைக்கு நல்ல உதாரணமும் அங்கேயே இருக்கிறது. உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை அழித்துவிடாமல் பிரதிபேதம் என்று குறித்து வைத்தார். சிதைந்த அடிகள் சிதைந்தபடியே நின்றன. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. இன்றும் எண் மட்டும் நிற்கிறது, பாட்டு இல்லை. அந்த யாப்பில் இரண்டு பாட்டு எழுதிச் செருக அவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அவர் ரீடிங் போடவில்லை.

மேஜையை எப்படி மாற்றுவது

மாணவர்களைத் திட்டுவதில் பயனில்லை. முப்பது பேர் பேட்ச், நாலைந்து செட் கருவி, மூன்று மணி நேரம், அதற்குள் அப்சர்வேஷனில் கையெழுத்து, போன வாரத்து ரெக்கார்டு வேறு. மதிப்பெண் படிவத்தில் சூத்திரத்துக்குக் கட்டம் உண்டு, அட்டவணைக்கு உண்டு, முடிவுக்கு உண்டு. சந்தேகத்துக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத எதையும் யாரும் செய்ய மாட்டார்கள். ஆசிரியருக்கும் எக்ஸ்டர்னல் வருவதற்குள் எல்லா நோட்டும் முடிந்திருக்க வேண்டும்.

பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லாமலே சில காரியங்கள் ஆகும். ஆய்வக மேஜையிலிருந்து பென்சிலையும் ரப்பரையும் எடுத்துவிடலாம். ரீடிங் பேனாவில் மட்டும். தப்பென்றால் உள்ளே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் காரணம். கணக்குப் போடும் முன்பே "என் விடை எவ்வளவு முன்பின் இருக்கும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். விடை வந்த பிறகு எழுதினால் அது சமாளிப்பாகிவிடும். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: குண்டின்மேல் களிமண்ணை ஒழுங்கில்லாமல் அப்பி, மையம் எங்கே என்று தெரியாதபடி செய்துவிடுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் வேறு வேறு மாதிரி. முடுக்கத்தைக் கேட்காதீர்கள், மையம் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று வரைபடத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை, பக்கத்து மேஜையின் விடை உதவாது, பின்னாலிருந்து ஓட்டச் சூத்திரத்தின் வால் கையில் இல்லை. செலவு ஒரு பிடி களிமண். பருவத்துக்குப் பத்து சோதனை இருந்தால் ஏழாகக் குறைத்து, மீதி வாரங்களைச் செய்ததையே திரும்பச் செய்ய விடலாம். வைவாவில் "ஹூக் விதி என்ன" என்பதற்குப் பதிலாக "உன் நோட்டில் நீ நம்பாத எண் எது, ஏன்?" என்று கேட்கலாம். இதற்கு மனப்பாட விடை கிடையாது.

இவை எதுவும் நடக்காத கல்லூரியில் மாட்டிக்கொண்ட மாணவர் என்ன செய்வது? எடுத்த எண்ணையே எழுதி, கீழே இரண்டு வரியில் காரணம் எழுதுங்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் போகலாம். பத்து சோதனையிலும் முடியாவிட்டால் ஒன்றிலாவது. நேரம் போதவில்லை என்றால் வீட்டில் ஒரு நட்டை நூலில் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிடுங்கள். கைப்பேசியில் ஸ்டாப் வாட்ச் இருக்கிறது, தையல்காரர் டேப்பில் நீளம் இருக்கிறது. ஐந்து நீளம், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது அலைவு, ஒரு வரைபடத்தாள். முக்கால் மணி நேர வேலை.

குளுக்கோமீட்டர்

படித்துவிட்டு வங்கிக்கோ மென்பொருளுக்கோ போகிறவருக்கு ஊசல் எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு வீட்டுக் காட்சி. அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிறார்கள். முந்தின நாள் பரிசோதனைக்கூடத்தில் 119. இன்று காலை வீட்டுக் கருவியில் 132. சர்க்கரை நோய்க்கு 126 என்ற எல்லைக்கோடு எல்லோர் மனதிலும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார். இன்னொருவர், "இந்த லேப்காரங்க எல்லாம் ஃப்ராடு, மெஷின்தான் கரெக்ட்" என்கிறார். காலில் விழுவதும் எழுந்து நிற்பதும், அதே இரண்டு வழி.

பத்து நிமிடப் பழக்கம் உள்ளவர் வேறு மாதிரிக் கேட்பார். இரண்டும் ஒரே ரத்தமா? இல்லை, வேறு நாள், வேறு காலை. அப்படியே ஒரே ரத்தம் என்றாலும் கருவி எவ்வளவு முன்பின் காட்ட அனுமதி? வீட்டுக் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. தரம், 100க்கு மேல் போனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ரீடிங் 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. 119க்கு 15 சதவீதம் சுமார் 18. 132 அந்த எல்லைக்குள் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு எண்ணும் சண்டையே போடவில்லை. இதை வைத்து மாத்திரையை மாற்றுவதும் கூடாது, லேபைத் திட்டுவதும் கூடாது. மருத்துவரிடம் இரண்டையும் காட்டலாம்.

சரி, 212 வந்தால்? அது அனுமதிக்குள் அடங்காது, எனவே சந்தேகப்பட ஆள் தேட வேண்டும். ஸ்ட்ரிப் காலாவதியா, டப்பா திறந்தே கிடந்து ஈரம் பட்டதா, இல்லை உண்மையிலேயே ஏறியிருக்கிறதா? விரலில் ஏதாவது ஒட்டியிருந்ததா? காலையில் பேரனுக்கு மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திக்கொண்டால், விரலில் காய்ந்திருக்கும் சாறு ரத்தத் துளியில் கலந்து எண்ணைத் தூக்கிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே டப்பா, அதே ஸ்ட்ரிப், அதே கருவி. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி. அப்போதும் 200க்கு மேலேயே நின்றால் அன்றே மருத்துவருக்குப் போன்.

அம்மாவின் சர்க்கரை நோட்டில் அன்றைய வரி இப்படி இருக்கும். 212 மேல் ஒற்றைக் கோடு, எண் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சின்ன எழுத்தில், "மாம்பழம். கை கழுவல." அதற்கடுத்து 121.